சமாதானப் படையும் படிப் பணமும்

சண்டை நடக்கும் தேசங்களுக்கு ஐக்கிய நாட்டுச் சபையார் "சமாதானப் படை" என்பதாக ஒன்றை அனுப்பி வருவது தோழர்கள் அறிந்ததேயாகும். சபைக்குச் சொந்தப் பட்டாளம் கிடையாது. ஆகையால் பல நாட்டுச் சர்க்கார்கள் தங்கள் பட்டாளத்தை இரவல் கொடுக்கின்றன. நம் நாட்டிலிருந்தும் 2 லட்சம் பேருக்கு மேல் இதுவரை போயிருக்கிறார்கள். கடல் கடந்த இந்த ஊழியத்திற்குக் கொடுக்கப்படும் படிப் பணத்தைப் பற்றியே சில வார்த்தைகள் எழுத விரும்புகிறோம்.

சபையார் தலைக்கு மாதம் இவ்வளவு என்று கணக்கிட்டு அந்தந்தச் சர்க்காருக்குக் கொடுக்கிறார்கள். 2002-ல் அது 1,028 டாலர். 2018-ல் 1,428 டாலர். 800 பேர் கொண்ட பட்டாளமானால் மாதம் 11 லட்சத்து 42 ஆயிரத்து 400 டாலர் ஆகிறது. கர்னல் தலைக்கும் சமையற்காரச் சிப்பாய் தலைக்கும் ஒரே விகிதந்தான். ஆனால் அந்தப் பணம் சர்க்கார் கஜானாவுக்குள் நுழைந்தவுடன் அதற்குப் படிக்கட்டு முளைத்து விடுகிறது. யாருக்கு எவ்வளவு என்பதை அந்தந்த நாட்டுப் பதவி வரிசையே தீர்மானிக்கிறது.

"அது சர்க்காருக்குச் செலவு ஈடேயொழிய சிப்பாயின் கூலியல்ல" என்பார்கள். சட்டப்படி அது வாஸ்தவந்தான். ஆனால் எந்தத் தலையைக் காட்டி வாங்கினார்களோ, அந்தத் தலைக்குப் போய்ச் சேர்ந்தது எவ்வளவு, நடுவில் நின்றது எவ்வளவு என்று சொல்லக் கூடவா கூடாது? சாமி பேரால் உண்டியலில் விழும் காசு சாமிக்குப் போவதில்லை என்று நாம் வெகுகாலமாகச் சொல்லி வருகிறோம். இங்கே சாமி இருக்கும் இடத்தில் சிப்பாய் இருக்கிறான். வித்தியாசம் என்னவென்றால், சாமிக்குப் பசியில்லை. சிப்பாய்க்குப் பெண்டு பிள்ளைகள் உண்டு.

நிற்க, பார்வையாளராகவும் தலைமைக் காரியாலய உத்தியோகஸ்தராகவும் தனியே போகும் ஆபீசர்களுக்குச் சபையாரே நேரில் தங்கல் படி கொடுக்கிறார்கள். நடுவில் தரகர் இல்லை. பட்டாளத்தோடு போகிறவனுக்குச் சபை நேரில் கொடுத்து வந்ததோ நாளொன்றுக்கு 1 டாலர் 28 சென்ட். ஆபீசர் தன் சாப்பாட்டையும் ஜாகையையும் தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று காரணம் சொல்லப்படுகிறது. இருக்கட்டும். நேரில் கொடுக்க முடியும் என்பதாவது இதிலிருந்து ருஜுவாகிறதா இல்லையா?

மேல் உத்தியோகத்திற்குப் பொறுப்பு அதிகம் என்றால் அதற்குத்தான் ஊரிலேயே சம்பளம் அதிகமாயிற்றே! வெளிநாட்டுப் படி எதற்கு? வீட்டை விட்டுப் பிரிந்திருப்பதற்கும், காய்ச்சலுக்கும், குண்டுக்கும். கொசு தோள்பட்டையிலுள்ள நட்சத்திரத்தை எண்ணிப் பார்த்தா கடிக்கிறது? செத்தவனுக்குக் கொடுக்கும் நஷ்ட ஈடு கூட 1997 வரை நாட்டுக்கு நாடு வேறாகவே இருந்தது. அந்த வருஷந்தான் எந்த நாட்டானானாலும் 50,000 டாலர் என்று சபையார் முடிவு செய்தார்கள். பிணத்திற்குச் சமத்துவம் வந்து விட்டது. உயிரோடிருப்பவனுக்குத்தான் இன்னும் வரவில்லை.

லைபீரியாவில் சபையின் கீழ் ஊழியம் செய்து திரும்பிய நைஜீரியச் சிப்பாய்கள், தங்களுக்குச் சேர வேண்டிய படி சேரவில்லையென்று 2008-ல் அக்கூரே நகரத்தில் ஆர்ப்பாட்டம் செய்தார்கள். 2009-ல் ராணுவ நீதிமன்றம் இதைக் கலகம் என்று சொல்லி 27 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. பிறகு அதை 7 வருஷமாகக் குறைத்தார்கள். அயல் நாட்டில் சமாதானத்தைக் காத்தவன் சொந்த நாட்டில் கூலி கேட்டால் கலகக்காரன்!

தேச கௌரவத்திற்காகப் போகிறவன் காசுக் கணக்குப் பார்க்கலாமா என்று சில பெரிய மனிதர்கள் கேட்கிறார்கள். இந்தத் தியாக உபதேசம் கீழ்ப்படியில் நிற்பவனுக்கு மட்டுமே செய்யப்படுவதேன் என்பது நமக்கு விளங்கவில்லை. மேல்படிக்காரர் எவராவது தம் படியை வேண்டாமென்று எழுதிக் கொடுத்ததாக நாம் கேள்விப்பட்டதேயில்லை.

ஆகவே, கப்பலேறு முன்பே ஒவ்வொருவனுக்கும் அவனவன் பாஷையில் படி விகிதம் வாசித்துக் காட்டப்பட வேண்டும். ஆபத்துக்கான படி ஆபீசருக்கும் சிப்பாய்க்கும் ஒரே தொகையாக அவரவர் கையில் கொடுக்கப்பட வேண்டும். வாங்கினவர்களின் கையெழுத்துப் பட்டியலைப் பார்த்த பிறகே சபையார் சர்க்காருக்கு அடுத்த தவணையை அனுப்பட்டும்.