வாசலில் நிற்க வேண்டியவர்

விடுமுறையில் ஊருக்கு வரும்போதெல்லாம் இரண்டு கேள்விகள் எனக்காகக் காத்திருக்கும். பெரியவர்கள் கேட்பது, "மகள், எப்ப ஒரேயடியா வாற?" என்பது. நான் படித்த இக்கல்லூரியில் இன்று உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் தங்கைகள் கேட்பது, "டொக்டர், அங்க எப்படிப் போறது?" என்பது.

இரண்டுமே நியாயமான கேள்விகள்தான். ஆனால் இங்கிலாந்தில் அவசர சிகிச்சைப் பிரிவு ஒன்றில் சிரேஷ்ட வைத்தியராக வேலை செய்யும் என்னிடம், "அங்கே அப்படி என்ன வித்தியாசம்?" என்று இதுவரை எவரும் கேட்டதில்லை. பெரிய இயந்திரங்கள், பெரிய கட்டடங்கள், பெரிய சம்பளம் என்று விடை தங்களுக்கே தெரியும் என நினைத்துக்கொள்கிறார்கள். கல்லூரி இதழுக்குக் கட்டுரை கேட்டபோது, அந்தக் கேட்கப்படாத கேள்விக்கே பதில் எழுதலாம் என்று தோன்றியது. அதற்கு முதலில் ஓர் இரவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அது 2010ஆம் ஆண்டு. உள்ளகப் பயிற்சியை முடித்து, ஓர் ஆதார வைத்தியசாலையில் எனக்கு முதல் நியமனம் கிடைத்திருந்தது. இரவு இரண்டு மணியளவில், ஐம்பது வயது மதிக்கத்தக்க விவசாயி ஒருவரை அவருடைய மகன் முச்சக்கரவண்டியில் கூட்டி வந்தான். "நெஞ்சு எரியுது டொக்டர். பின்னேரம் சாப்பிட்ட கறி உறைப்பு" என்றார் அவர். வியர்த்திருந்தார். ஆனால் அன்று எல்லோருக்குமே வியர்க்கும் அளவுக்குப் புழுக்கம். ஈ.சி.ஜி எடுக்கச் சொன்னேன். தாளில் ஏதோ ஒன்று சரியில்லை என்று மனம் சொன்னது; என்னவென்று கண்ணுக்குப் பிடிபடவில்லை.

மேலே கேட்பதற்கு ஒரு நிபுணர் இருந்தார், வீட்டில் உறங்கிக்கொண்டிருந்தார். தொலைபேசி என் மேசையில்தான் இருந்தது. அதற்கு முந்திய வாரம் இன்னொரு கனிஷ்ட வைத்தியர் நள்ளிரவில் எழுப்பியதற்காக, மறுநாள் காலை விடுதியில் எல்லோர் முன்னிலையிலும் ஏச்சு வாங்கியதை நான் பார்த்திருந்தேன். "நெஞ்செரிச்சலுக்காக எழுப்புவதா?" என்று எண்ணினேன். வயிற்றுப் புண்ணுக்கான மருந்து கொடுத்து, அவரைக் கட்டிலில் படுக்க வைத்தேன். சுபஹு நேரத்தில் அவர் இறந்துபோனார். வந்தது மாரடைப்பு. இதயத்தின் கீழ்ப்புறத்தைத் தாக்கும் மாரடைப்பு, நெஞ்செரிச்சல் போலவே தன்னைக் காட்டிக்கொள்வதுண்டு. இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து அதே கட்டடத்தில் குளிர்சாதனப் பெட்டிக்குள் இருந்தது.

அந்த மகன் என்னைத் திட்டவில்லை. "நீங்க பார்த்தீங்கதானே மிஸ்" என்று மட்டும் சொன்னான். அந்தச் சொல்லோடுதான் நான் விமானம் ஏறினேன்.

2012இல் இங்கிலாந்துக்குப் போனேன். முதல் வாரங்களில் எல்லாமே புதிதாக இருந்தன. வடபகுதி மக்களின் ஆங்கிலமே எனக்குப் பாதி விளங்கவில்லை. ஆனால் என்னை உண்மையில் திகைக்க வைத்தது ஒரு சிறிய வழக்கம். நெஞ்சுவலி என்று எவர் வந்தாலும் பத்து நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி எடுப்பார்கள். எடுத்த தாளைத் தாதி கையில் ஏந்திக்கொண்டு, பிரிவில் இருக்கும் மூத்த வைத்தியரைத் தேடிப் போவார். அவர் எந்த வேலையில் இருந்தாலும் அரை நிமிடம் நின்று அதைப் பார்த்து, நேரத்தைக் குறித்துக் கையொப்பமிடுவார். கேட்டவர் மன்னிப்புக் கேட்பதில்லை. பார்த்தவர் முகம் சுளிப்பதில்லை.

ஒரு நாள் நான் அப்படி ஒரு தாளைக் கொண்டுபோய், "தொந்தரவுக்கு மன்னிக்கவும்" என்றேன். அந்த மூத்த வைத்தியர் கையெழுத்திட்டுவிட்டு, "என்னைத் தொந்தரவு செய்வதற்காகத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள்" என்றார். அன்றிரவு அறைக்கு வந்து வெகுநேரம் அழுதேன். ஊரில் அந்த விவசாயிக்கு இல்லாமற்போனது இயந்திரம் அல்ல. ஈ.சி.ஜி இயந்திரம் இருந்தது, மருந்து இருந்தது, நானும் இருந்தேன். பயமில்லாமல் நான் கேட்கக்கூடிய ஒருவர்தான் அங்கே இருக்கவில்லை.

வெள்ளைக்காரர்கள் பிறவியிலேயே ஒழுங்கானவர்கள் என்பதால் இது வந்தது என்று நினைத்துவிடாதீர்கள். இங்கிலாந்திலும் நீண்ட காலம் நிலைமை இதுவேதான். விபத்துப் பிரிவு என்பது வைத்தியசாலையின் பின்வாசல் போலக் கிடந்தது. நிபுணர்கள் மேல்மாடி விடுதிகளில் இருக்க, மிகக் கடுமையான நோயாளிகளை மிகக் குறைந்த அனுபவமுள்ள வைத்தியர்களே கீழே முதலில் பார்த்தார்கள். 1952இல் லீட்ஸ் நகரில் மொரிஸ் எலிஸ் என்பவர் இப்பிரிவுக்கென்றே முழுநேர நிபுணராக நியமிக்கப்பட்டது அக்காலத்தில் ஒரு புதுமை. 1962இல் சேர் ஹரி பிளாட் தலைமையிலான குழு இப்பிரிவுகளின் நிலையை ஆராய்ந்து அறிக்கை தந்தது. அதன் பிறகும் பத்து வருடங்கள் கழித்து, 1972இல்தான் ஏறத்தாழ முப்பது நிபுணர்களைப் பரீட்சார்த்தமாக நியமித்தார்கள். ஆக, இது பரம்பரைக் குணமல்ல. "அனுபவம் மிக்கவர் வாசலில் நிற்கட்டும்" என்று சிலர் பிடிவாதமாகக் கேட்டு வாங்கிய மாற்றம்.

இன்று அந்த வாசலில் நிற்பவர்களில் நானும் ஒருத்தி. சிரேஷ்ட வைத்தியர் என்றதும் சுழல் நாற்காலியையும் தனி அறையையும் கற்பனை செய்யாதீர்கள். என் வேலையின் பெரும்பகுதி நின்றுகொண்டும் குறுக்கிடப்பட்டுக்கொண்டும் இருப்பது. உயிராபத்தான ஒருவரை அம்பியூலன்ஸில் கொண்டுவந்தால், நான் கட்டிலின் கால்மாட்டில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். ஒருவர் சுவாசப் பாதையைப் பார்ப்பார், ஒருவர் ஊசி ஏற்றுவார், ஒருவர் நெஞ்சை அழுத்துவார். நான் எதையும் தொடுவதில்லை. தொட்டால் கண் ஒரே இடத்தில் குத்திட்டு நின்றுவிடும். முழு நோயாளியையும் பார்க்க ஆளிருக்காது. கை துறுதுறுக்கும்போது அதை அடக்கிக்கொண்டு நிற்கப் பழகுவதற்கு எனக்குச் சில வருடங்கள் பிடித்தன.

இன்னொரு பகுதி, இறப்பைச் சொல்வது. சிறிய அறையில் உறவினர்களுக்குச் சமமாக உட்கார்ந்து, "போய்விட்டார்", "நம்மை விட்டுப் பிரிந்தார்" என்று சுற்றி வளைக்காமல், "இறந்துவிட்டார்" என்ற சொல்லையே சொல்ல வேண்டும் என்று எங்களுக்குப் பயிற்சி தருவார்கள். சுற்றி வளைத்தால், துக்கத்தில் இருப்பவர் "வேறு விடுதிக்குப் போய்விட்டாரா?" என்று நம்பிக்கையோடு கேட்டுவிடுவார். ஒருமுறை பங்களாதேஷ் தாய் ஒருவரிடம் மகனின் மரணத்தைச் சொன்னேன். மொழிபெயர்ப்பாளர் வந்து சேரவில்லை. "இன்னா லில்லாஹி" என்று நான் தொடங்க, அவர் அதை முடித்துவிட்டு என் தோளில் சாய்ந்தார். தலையை மூடிய பெண்ணால் இந்த வேலையைச் செய்ய முடியுமா என்று ஊரில் சிலர் கேட்பதுண்டு. தொற்றுத் தடுப்புக்காக முழங்கைக்குக் கீழே கை வெறுமையாக இருக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. அதற்கும் ஒருமுறை பாவித்து எறியும் உறைகள் என்று வழி உண்டு. உடை எனக்குத் தடையாக இருந்ததில்லை. உறக்கமின்மைதான் பெரிய தடை.

அங்கே எல்லாம் பொன்னாக மின்னுகிறது என்றும் சொல்ல மாட்டேன். வருபவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேரை நான்கு மணித்தியாலத்துக்குள் பார்த்து முடிவு சொல்ல வேண்டும் என்பது இங்கிலாந்தின் இலக்கு. 2015க்குப் பிறகு நாடளாவிய ரீதியில் அது எட்டப்படவில்லை. குளிர்காலத்தில் என் தந்தை வயதுடையவர்கள் நடைபாதையில் தள்ளுவண்டிக் கட்டிலிலேயே விடியும்வரை கிடக்கிறார்கள். அவர்களைப் பார்ப்பவர்களில் பலர் இந்தியா, பாகிஸ்தான், நைஜீரியா, எகிப்து, இலங்கை ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். பணக்கார நாடொன்று தன் பற்றாக்குறையை ஏழை நாடுகளைக் கொண்டு நிரப்புகிறது என்பதே உண்மை. அந்த நிரப்பலில் நானும் ஒரு கல்.

இங்கேதான் "எப்ப ஒரேயடியா வாற?" என்ற கேள்வி குத்துகிறது. நான் முதலாம் ஆண்டு தொடக்கம் மருத்துவப் பட்டம் வரை கட்டணம் செலுத்திப் படிக்கவில்லை. அந்தச் செலவை நாட்டு மக்கள் சுமந்தார்கள். சீனிக்கும் மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரி கட்டியவர்களில் அந்த விவசாயியும் ஒருவர். 2022இன் நெருக்கடிக்குப் பின்னர் எத்தனையோ வைத்தியர்கள் புறப்பட்டுப் போனார்கள். பிள்ளைக்குப் பால்மா தேட வரிசையில் நின்ற ஒரு தாயிடம், அவர் வைத்தியர் என்பதால் மட்டும், "நீ போகாதே" என்று சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் போனவர்கள், "எங்கள் திறமையால் போனோம், யாருக்கும் கடன் இல்லை" என்று பேசும்போது உடன்பட முடியவில்லை. கடன் இருக்கிறது. போவது குற்றமல்ல, கடனை மறுப்பதுதான் குற்றம்.

அந்தக் கடனைப் பணத்தால் மட்டும் தீர்க்க முடியாது. கட்டில், சக்கர நாற்காலி அன்பளிப்புகள் நல்லவை. புகைப்படமும் நன்றாக வரும். நாங்கள் அங்கே கற்றதில் மிக மலிவானதும் மிகப் பெறுமதியானதும் ஒரு பழக்கம்: மூத்தவர் கேட்கப்படக் கூடியவராக இருக்க வேண்டும். இதைக் கொண்டுவரக் கப்பல் தேவையில்லை. வாரத்தில் ஓர் இரவு நானும் இரண்டு தோழிகளும் ஊர்ப்பக்க இளம் வைத்தியர்கள் சிலரோடு தொலைபேசியில் கூடுகிறோம். தாங்கள் பார்த்துக் குழம்பிய ஈ.சி.ஜிகளை, பெயர்களை மறைத்து அவர்கள் அனுப்புவார்கள், பேசுவோம். "இப்படிக் கேட்கலாமா தெரியாது" என்று தொடங்கும் பிள்ளையிடம், என்னிடம் சொல்லப்பட்ட அதே வார்த்தையைச் சொல்வேன். இது கடனின் வட்டிகூட ஆகாது என்பது எனக்குத் தெரியும்.

"அங்கே ஆட்கள் அதிகம், அதனால் மூத்தவர் வாசலில் நிற்கிறார், இங்கே அது நடக்காது" என்று சிலர் சொல்வார்கள். பாதி உண்மை. மறுபாதியை 2023இல் நானே கண்டேன். விடுமுறையில் வந்திருந்தபோது, ஒரு நாள் மஃரிபுக்குப் பின் உம்மாவுக்கு மூச்சுத் திணறியது. 1990ஐ அழைத்தோம். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய அந்த இலவச அம்பியூலன்ஸ் சேவை இப்போது எங்கள் தெருவுக்கும் வருகிறது. வழியில் காக்கா, "உனக்குத் தெரிஞ்ச டொக்டர் யாருக்காவது கோல் எடு" என்றார். எடுப்பதற்குள் வைத்தியசாலையை அடைந்துவிட்டோம். வாசலில் ஓர் இளம் பெண் வைத்தியர் நின்றார். நம் நாட்டிலேயே அவசர சிகிச்சைத் துறையில் நிபுணத்துவப் பயிற்சி பெற்றவர். நான் யாரென்று அவருக்குத் தெரியாது. உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டே ஈ.சி.ஜி தாளைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற கனிஷ்ட வைத்தியரிடம், "இதில் உமக்கு என்ன தெரியுது? சொல்லும்" என்றார், மெதுவாக.

எங்களுக்கு முன் வந்த ஒரு சிறுவனை அவர் முதலில் பார்த்தாரா, உம்மாவை முதலில் பார்த்தாரா என்று காக்கா பிறகு கேட்டார். யாருக்கு ஆபத்து அதிகமோ அவரை முதலில் பார்த்தார் என்றேன். தெரிந்தவர் என்பதற்காக முந்துவதும், தெரியாதவர் என்பதற்காகப் பிந்துவதும் இல்லாத ஒரு வாசல் நம் நாட்டிலும் சாத்தியம். அன்று நான் வைத்தியராக அல்ல, நோயாளியின் மகளாக ஓரமாக நின்றிருந்தேன். எனக்குப் பெருமையாக இருந்தது. கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. அந்த இடத்தில் நிற்க வேண்டியவள் நானல்லவா என்ற வெட்கம். உம்மா இன்று நலம், அல்ஹம்துலில்லாஹ். அவருடைய கேள்விக்கு இன்னும் என்னிடம் திகதியோடு ஒரு பதில் இல்லை. பிள்ளைகளின் படிப்பு, கணவரின் தொழில் என்று நான் சொல்லும் காரணங்கள் எனக்கே தேய்ந்த நாணயங்கள் போலத் தெரிகின்றன.

அன்புத் தங்கைகளே, போவதா நிற்பதா என்பதை உங்கள் வீடும் உங்கள் காலமும் தீர்மானிக்கட்டும். உங்களில் சிலர் வைத்தியர்களாவீர்கள்; பலர் ஆசிரியைகளாக, தாதியராக, அதிகாரிகளாக, தாய்மாராக இருப்பீர்கள். எங்கேயாவது ஒரு நாள் நீங்கள் மூத்தவராவீர்கள். அன்று, உங்களை விட இளையவள் ஒருத்தி கையில் ஒரு தாளோடு தயங்கி நிற்பாள். அவளை ஏசாமல் அந்தத் தாளை வாங்கிப் பாருங்கள்.

அந்த விவசாயியின் மகனுக்கு இப்போது முப்பது வயதைத் தாண்டியிருக்கும். "நீங்க பார்த்தீங்கதானே மிஸ்" என்று அவன் சொன்னதற்கு நான் அன்று பதில் சொல்லவில்லை. பார்த்தேன் தம்பி, ஆனால் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.