வளர்தலும் சிதைதலும்

‘தாவரம் பகலில் ஒளிச்சேர்க்கை செய்யும், இரவில் சுவாசிக்கும்.’ பள்ளித் தேர்வில் இவ்வாறு எழுதி முழு மதிப்பெண் பெற்றவன் நான். அவ்விடை தவறு என்பதை, முதுகலையில் கலைச்சொற்கள் குறித்த கட்டுரை ஒன்றுக்காகப் பாடநூல்களைப் புரட்டியபோதே அறிந்தேன். அதுவரை சுவாசம் என்றால் எனக்கு மூச்சு மட்டுமே.

செல் சுவாசம் மூச்சு அன்று. சர்க்கரையைப் படிப்படியாகச் சிதைத்து, அதன் ஆற்றலில் ஒரு பகுதியை ஏ.டி.பி. மூலக்கூறுகளில் செல் சேமித்துக்கொள்ளும் வேதிவினைத் தொடர் அது. தாவரச் செல்லிலும் விலங்குச் செல்லிலும் மைட்டோகாண்ட்ரியாக்கள் உண்டு. அவை இரவும் பகலும் இயங்குகின்றன. பகலில் இலை வெளிவிடும் ஆக்சிஜன் மிகுதியாக இருப்பதால் அதன் சுவாசம் நம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை, அவ்வளவே. ஒளி புகாத மண்ணிலுள்ள வேரோ, இலை அனுப்பும் சர்க்கரையைச் சிதைத்தே வாழ்கிறது. நெல் போன்றவை நீங்கலாகப் பெரும்பாலான பயிர்கள், நீர் தேங்கிய வயலில் வாடுவதற்கு வேருக்கு ஆக்சிஜன் கிட்டாமையே முதன்மைக் காரணம்.

1937இல் ஹான்ஸ் கிரெப்ஸ், புறாவின் மார்புத் தசையை ஆய்ந்து, இன்று அவர் பெயரால் வழங்கும் சுழற்சியை விளக்கினார். அதே சுழற்சி அவரைச் செடியின் செல்லிலும் நிகழ்கிறது. மறுபுறம், விலங்குச் செல் சிதைப்பதோடு நிற்பதில்லை. உணவுக்குப் பின் நம் கல்லீரல் குளுக்கோஸைக் கிளைக்கோஜனாகக் கோத்து வைக்கிறது. தசை அமினோ அமிலங்களைப் புரதமாக்குகிறது. உண்மையான வேறுபாடு தொடக்கப் பொருளில்தான் உள்ளது. தாவரம் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடிலிருந்து சர்க்கரையை ஆக்கும். புரதத்துக்கு வேண்டிய 20 அமினோ அமிலங்களையும் தானே ஆக்கிக்கொள்ளும். மனிதரோ அவற்றுள் 9ஐ உணவிலிருந்தே பெற வேண்டும்.

இவ்வுண்மையை நம் கலைச்சொல்லே சொல்லிக்கொண்டிருக்கிறது. ‘வளர்சிதை மாற்றம்’ என்பதில் வளர், சிதை ஆகிய இரண்டு வினையடிகளுக்கு இடையே ‘அல்லது’ இல்லை. ‘உம்’ மறைந்து நிற்கிறது. இந்தி, மராத்தி, கன்னடம் ஆகியவற்றில் வழங்கும் ‘சயாபசய’ என்ற சொல்லும் சேர்தலையும் குறைதலையும் இணைத்தே சுட்டுகிறது. மாற்றம் என்று மட்டும் பொருள்படும் கிரேக்க மூலத்தைவிட இவை தெளிவானவை. ஆனால் வகுப்பறையில் நாம் இச்சொல்லை இரண்டாக வெட்டி, வளர்வதைத் தாவரத்துக்கும் சிதைவதை விலங்குக்கும் பங்கிட்டுக் கொடுத்துவிடுகிறோம்.

‘சுவாசம்’ என்ற சொல்லை மாற்றுக என்று நான் கோரவில்லை. அது வேரூன்றிவிட்டது, ஆங்கிலச் சொல்லிலும் இதே குழப்பம் உண்டு. கலைச்சொல்லை மனப்பாடத்துக்குரிய பெயராக மட்டும் தராமல், பிரித்துப் பொருள் காட்டிக் கற்பிக்க வேண்டும் என்பதே என் வாதம். தாய்மொழிவழிக் கல்வியின் பயனே சொல்லுக்குள் பொருள் தெரிவதுதான். அதைத் திறந்து காட்டாவிட்டால் ‘வளர்சிதை மாற்றம்’ என்பதும் மாணவருக்கு ஓர் அயற்சொல்லே.

ஆசிரிய நண்பர்கள் அடுத்த தேர்வில் ஒரே ஒரு வினாவைச் சேர்த்துப் பாருங்கள்: ‘நண்பகலில் வேர் சுவாசிக்கிறதா?’ வரும் விடைகள், மாணவர்கள் எதைப் புரிந்துகொண்டார்கள் என்பதோடு நாம் எதைச் சொல்லாமல் விட்டோம் என்பதையும் காட்டும்.