வெளுத்ததெல்லாம் சுண்ணாம்பு அல்ல

"மெக்னீசியமெல்லாம் நம்ம தண்ணியிலயே கெடக்குதுங்க, அதையத் தனியா எதுக்குங்க ஊத்தோணும்?" திருச்செங்கோடு, நாமக்கல், சேலம் வட்டாரத்தில் வீட்டில் ரீஃப் டேங்க், அதாவது பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி, வைக்க நினைப்பவர் காதில் முதலில் விழும் வாசகம் இதுதான். விற்பவர் வாங்குபவரிடம் சொல்கிறார். வாங்கியவர் அடுத்து வாங்க வருபவரிடம் சொல்கிறார். சொல்பவர் மாறினாலும் வாசகம் பல ஆண்டுகளாக மாறவில்லை. இதற்குத் துணையாக இன்னும் மூன்று வாதங்கள் உண்டு. பவளம் என்பது சுண்ணாம்பு, ஆகவே கால்சியமும் கேஹெச்சும் (கார்பனேட் கடினத்தன்மையும்) பார்த்தால் போதும் என்பது ஒன்று. மெக்னீசியம் செலவாவது சொற்பம், வாராவாரம் தண்ணீர் மாற்றினாலே ஈடாகிவிடும் என்பது இன்னொன்று. அப்படியும் குறைந்தால் உரக்கடையில் எப்சம் உப்பு வாங்கிக் கொட்டிக்கொள்ளலாம் என்பது மூன்றாவது. இந்த நான்கையும் நம்பி ஒரு தொட்டியை நடத்துவது அதிலுள்ள உயிருக்குச் செய்யும் தீங்கு என்பதே இக்கட்டுரையின் வாதம். கடல் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊரில், கண்ணாடிச் சுவருக்குள் அடைபட்ட பவளத்துக்கு வேறு தண்ணீர் தேடிப் போக வழியில்லை. நாம் கலந்து கொடுப்பதுதான் அதன் கடல்.

முதல் வாதத்தை எண்களில் வைத்துப் பார்ப்போம். நம் நிலத்தடி நீர் கடினமானது, அதில் மெக்னீசியம் இருக்கிறது என்பது உண்மை. எவ்வளவு இருக்கிறது என்பதுதான் கேள்வி. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர் விதி லிட்டருக்கு 30 மில்லிகிராம் மெக்னீசியத்தை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு வழியில்லாத இடத்தில் 100 மில்லிகிராமை உச்ச வரம்பாகவும் வைத்திருக்கிறது. இயல்பான உப்பளவுள்ள கடல்நீரிலோ கிட்டத்தட்ட 1,290 மில்லிகிராம் இருக்கிறது. உச்ச வரம்பைத் தொடும் போர்த் தண்ணீர்கூடக் கடலுக்குப் பதின்மூன்றில் ஒரு பங்குதான். நாடெங்கும் ரிக் வண்டி அனுப்பிப் பாறையைத் துளைக்கும் ஊர் திருச்செங்கோடு. நூறடி தள்ளி இன்னொரு போர் போட்டால் வேறு சுவையில் தண்ணீர் வரும் என்பதை இந்த ஊரைவிட நன்றாக அறிந்தவர்கள் இல்லை. அப்படியிருக்க, "நம்ம தண்ணி" என்று ஒரே தண்ணீர் இருப்பதைப் போலவும், அதன் மெக்னீசியம் அளந்து உறுதி செய்யப்பட்டதைப் போலவும் பேசுவது எப்படிப் பொருந்தும்?

அவர்கள் பக்கம் ஒரு கணக்கு இருக்கிறது. தொட்டியிலிருந்து ஆவியாவது நன்னீர் மட்டுமே, உப்பு உள்ளேயே நின்றுவிடும். ஆகவே தினமும் போர்த் தண்ணீரை ஊற்றி நிரப்பினால் மெக்னீசியம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும் என்பார்கள். சேரத்தான் செய்யும். 400 லிட்டர் தொட்டியில் நம் கோடை வெயிலுக்கு மின்விசிறியும் ஓடி நாளைக்கு 5 லிட்டர் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்வோம். 100 மில்லிகிராம் மெக்னீசியம் உள்ள நீரால் அதை நிரப்பினால் நாளொன்றுக்கு 1.25 பிபிஎம் (ஏறத்தாழ லிட்டருக்கு 1.25 மில்லிகிராம்) கூடும். ஆனால் அதே தண்ணீரில் நைட்ரேட் குடிநீர் வரம்பான 45 மில்லிகிராம் இருந்தால், தண்ணீர் மாற்றாத ஓராண்டில் தொட்டியில் சேர்வது 200 பிபிஎம்முக்கு மேல். பவளத்திட்டைச் சுற்றிய கடல்நீரில் நைட்ரேட் 1 பிபிஎம்கூட இருப்பதில்லை. கரைந்த உப்புகளின் மொத்த அளவு, அதாவது டிடிஎஸ், 2,000 என்றால் தொட்டியின் உப்பளவும் ஆண்டுக்கு லிட்டருக்கு 9 கிராம் ஏறும். அந்த உப்பும் கடலின் விகிதத்தில் அமைந்த உப்பு அல்ல, நம் பாறையின் விகிதத்தில் அமைந்தது. மெக்னீசியத்தை மட்டும் தேர்ந்து அனுப்பும் குழாய் எந்தப் போரிலும் இல்லை. உப்புக் கலக்கவும், ஆவியான அளவை நிரப்பவும் ஆர்.ஓ. தண்ணீரையே பயன்படுத்துவதற்குக் காரணம் இதுதான். அந்தத் தண்ணீரில் மெக்னீசியம் அநேகமாக இல்லை என்பதால் "நம்ம தண்ணியிலயே இருக்கு" என்ற பேச்சுக்கே இடமில்லை.

"தண்ணியில் இல்லாவிட்டாலும் மண்ணில் இருக்கிறதே" என்று சேலத்து வெள்ளைக்கல்லைக் காட்டுவோரும் உண்டு. சேலத்துக்கு வடக்கே ஏற்காட்டு அடிவாரத்தில் இருக்கும் அந்தக் குன்றுகளுக்கு வெள்ளைக்காரர்கள் 'சாக் ஹில்ஸ்', சுண்ணாம்புக் குன்றுகள், என்று பெயர் வைத்தார்கள். தமிழ்நாடு மேக்னசைட் நிறுவனம் தோண்டி எடுத்ததும், உருக்காலைகளின் உட்சுவர்ச் செங்கலுக்குப் போவதும் சுண்ணாம்பு அல்ல, மேக்னசைட் என்னும் மெக்னீசியம் கார்பனேட். வெண்மையைக் கண்டதும் சுண்ணாம்பு என்று நினைத்த பிழை பெயராக இன்றும் நிற்கிறது. அந்தக் கல்லைத் தொட்டியில் போட்டால் மெக்னீசியம் வருமா? வராது. 8.2 காரநிலையுள்ள கடல்நீரில் மேக்னசைட் கரைவதற்கு வழியில்லை, ஏனெனில் அந்த நீரே மேக்னசைட்டைப் பொறுத்தவரை தெவிட்டிய நிலையில் இருக்கிறது. அது உருவான தாய்ப்பாறையோ குரோமியமும் நிக்கலும் கலந்தது. கல்லைப் பற்றி இவ்வளவு போதும். ஆனால் அந்தப் பெயர்ப் பிழை முக்கியமானது. வெள்ளையாக இருப்பதெல்லாம் கால்சியம் என்று எண்ணும் அதே பழக்கம்தான் இரண்டாவது வாதத்தின் அடியிலும் இருக்கிறது.

"பவளம் சுண்ணாம்புதானே, கால்சியம் போதும்" என்கிறார்கள். கல் பவளத்தின் கூடு பெரும்பகுதி கால்சியம் கார்பனேட் என்பதும், அதில் மெக்னீசியம் மிகக் குறைவு என்பதும் சரி. அதிலிருந்து, மெக்னீசியம் தேவையில்லை என்ற முடிவுக்குத் தாவுவதுதான் தவறு. நம் வீட்டுச் சமையலறையிலேயே தொடங்கலாம். போர்த் தண்ணீரைக் காய்ச்சும் பாத்திரத்தின் அடியிலும், வெந்நீர்க் கம்பியின் மேலும் வெள்ளையாக உப்புக் கட்டுகிறது. அது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அந்தத் தண்ணீரில் கால்சியம் லிட்டருக்கு 100, 150 மில்லிகிராம் இருக்கலாம். கடல்நீரில் இருப்பது 410 மில்லிகிராம். வெப்பக் கடல்களின் மேல்நீர், பவளக் கூட்டின் பொருளான அரகோனைட்டைப் பொறுத்தவரை மூன்று நான்கு மடங்கு மிகைத்தெவிட்டிய நிலையில் இருக்கிறது. அப்படியானால் கடல் முழுவதும் ஏன் உப்புக் கட்டவில்லை? மன்னார் வளைகுடா ஏன் ஒரே சுண்ணாம்புக் குழம்பாகிவிடவில்லை? "கால்சியம் போதும்" என்று சொல்பவர்கள் இந்தக் கேள்வியை ஒருமுறையாவது எழுப்பியிருந்தால் அந்த வாசகம் இத்தனை ஆண்டுகள் ஓடியிருக்காது.

விடையின் பெரும்பங்கு மெக்னீசியம். பாஸ்பேட்டும் கரைந்த கரிமப் பொருள்களும் உதவுகின்றன, ஆனால் முதற்காவல் அதுவே. நீரில் கால்சியமும் கார்பனேட்டும் சேர்ந்து ஒரு நுண்ணிய படிகம் தோன்றும்போது மெக்னீசியம் அயனி அதன் மேற்பரப்பில் போய் ஒட்டிக்கொள்கிறது. கால்சியத்தைவிடச் சிறியதாகவும், தன்னைச் சுற்றிய நீர் மூலக்கூறுகளை எளிதில் விடாததாகவும் இருப்பதால் கால்சைட் படிகத்தின் அடுக்கில் அது பொருந்துவதில்லை. அடுத்த அடுக்கு ஏறாமல் வளர்ச்சி தடைபடுகிறது. கார்பனேட் அயனிகளில் ஒரு பகுதியையும் அது தன்னோடு இணைத்துக்கொள்வதால் கால்சியத்தோடு சேரத் தனித்து நிற்கும் கார்பனேட் குறைகிறது. இந்த இரு வேலையாலும்தான் 410 மில்லிகிராம் கால்சியம் கரைந்த நிலையிலேயே நிற்கிறது, பவளமும் தன் கூட்டுக்குத் தேவையானதை நீரிலிருந்து எடுக்க முடிகிறது. மெக்னீசியம் ஆயிரத்துக்கும் கீழே சரிந்த தொட்டியில் நடப்பது இதன் மறுபக்கம். கால்சியத்தை ஊற்றுகிறார்கள், அளவு ஏறவில்லை. கேஹெச் ஏற்றும் சோடாவை ஊற்றுகிறார்கள், இரண்டு நாளில் பழையபடி இறங்குகிறது. மோட்டாரின் காந்தத் தண்டில் வெள்ளைப் படிவு, கண்ணாடியில் படிவு, அடிமணல் கட்டிக் கட்டியாக இறுகுகிறது. உடனே "கால்சியம் பத்தவில்லை" என்று இன்னும் ஊற்றச் சொல்கிறார்கள். பவளம் உண்ண வேண்டியதை மோட்டாரும் மணலும் உண்கின்றன. மெக்னீசியத்தை மிச்சம் பிடிக்கச் சொன்ன அறிவுரை கால்சியத்தை வீணாக்குகிறது. பவளத்துக்கு மெக்னீசியம் உணவாக வேண்டியதில்லை. உணவு வழியில் சிந்தாமல் காக்கும் கை அது. கை எவ்வளவு தின்றது என்று கணக்குப் பார்த்து, குறைவு என்பதால் அந்தக் கையே வேண்டாம் என்பது என்ன நியாயம்?

இதற்கு ஆய்வகச் சான்றும் உண்டு. இன்றைய கடலில் மெக்னீசியமும் கால்சியமும் அயனி எண்ணிக்கையில் ஏறத்தாழ 5.2க்கு 1 என்ற விகிதத்தில் இருக்கின்றன. கிரெடேசியஸ் காலத்துக் கடலில் இந்த விகிதம் மிகத் தாழ்ந்திருந்தது. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லையும் அதன் சிப்பிப் புதைபடிவங்களையும் நமக்கு விட்டுச்சென்ற கடல் அந்தக் காலத்தது. ஜஸ்டின் ரீஸ், ஸ்டீவன் ஸ்டான்லி, லாரன்ஸ் ஹார்டி ஆகிய மூவர் அத்தகைய நீரைச் செயற்கையாகக் கலந்து, இன்றைய கல் பவள வகைகள் மூன்றை அதில் வளர்த்து 2006இல் முடிவை வெளியிட்டார்கள். பவளங்கள் வழக்கமான அரகோனைட்டோடு கால்சைட்டையும் சேர்த்துக் கூடு கட்டத் தொடங்கின, வளர்ச்சியும் மந்தமானது. வீட்டுத் தொட்டியில் யாரும் அந்த அளவுக்கு மெக்னீசியத்தை இறக்கிவிடுவதில்லை என்று மறுமொழி வரும். இறக்குவதில்லைதான். ஆனால் கேள்வி அளவைப் பற்றியது மட்டுமல்ல. பவளம் தன் கூட்டை எந்தக் கனிமத்தால், எந்த வேகத்தில் கட்டுகிறது என்பதையே மெக்னீசியத்தின் விகிதம் மாற்ற வல்லது என்று அந்தச் சோதனை காட்டிவிட்டது. அதற்குப் பிறகும் "பவளத்துக்கும் மெக்னீசியத்துக்கும் என்ன சம்பந்தம்" என்று கேட்பதற்கு இடமில்லை.

செலவாவது சொற்பம் என்ற வாதமும் முழு உண்மை அல்ல. பாறையில் ஊதா நிறத்தில் படரும் சுண்ணாம்புப் பாசியின் கூடு மெக்னீசியம் மிகுந்த கால்சைட். பவளத்தைவிடப் பல மடங்கு மெக்னீசியத்தை அது எடுக்கும். தொட்டியில் அந்தப் பாசி படர வேண்டும் என்று ஆசைப்படுபவர்களே மெக்னீசியம் செலவாகாது என்றும் சொல்கிறார்கள். தண்ணீர் மாற்றினால் ஈடாகும் என்பதைக் கணக்கே மறுக்கிறது. தொட்டியில் 1,150, கலக்கும் உப்புநீரில் 1,350 என்றால், பத்துச் சதவீத மாற்றம் ஏற்றுவது 20 பிபிஎம் மட்டும். இடையில் எதுவும் செலவாகாவிட்டாலும் 1,300ஐத் தொட 13 வாரம் ஆகும். கலக்கும் உப்பே 1,200தான் தருமென்றால் எத்தனை வாரம் மாற்றினாலும் 1,200ஐத் தாண்டாது. மென்பவளம் சிலவே உள்ள தொட்டிக்குத் தண்ணீர் மாற்றம் போதுமானதாக இருக்கலாம். அதையும் அளந்த பிறகுதான் சொல்ல முடியும். "கடலில் யார் மெக்னீசியம் ஊற்றுகிறார்கள்" என்ற கேள்விக்கு, நமக்கு மேற்கே ஓடும் காவிரி உட்பட ஆறுகள் எல்லாம் ஊற்றுகின்றன என்பதே பதில். கடலுக்குள் வந்த மெக்னீசியம் சராசரியாக ஒரு கோடி ஆண்டுகளுக்கு மேல் அங்கே தங்குகிறது. 400 லிட்டருக்கு அந்தப் பெருக்கமும் இல்லை, அவ்வளவு பொறுமையும் இல்லை.

எப்சம் உப்பைப் பற்றிச் சுருக்கமாக. அது மெக்னீசியம் சல்பேட், எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு மெக்னீசியம். 400 லிட்டரில் 100 பிபிஎம் ஏற்ற 400 கிராம் வேண்டும். அதோடு லிட்டருக்குக் கிட்டத்தட்ட 390 மில்லிகிராம் சல்பேட் சேரும், அதாவது கடலில் இருக்கும் சல்பேட்டில் ஏழில் ஒரு பங்கு கூடுகிறது. ஒருமுறை என்றால் பெரிய கேடில்லை. மாதாமாதம் என்றால் குளோரைடுக்கும் சல்பேட்டுக்கும் உள்ள விகிதம் கெடும். அதனால்தான் பெரும்பகுதி மெக்னீசியம் குளோரைடும் சிறுபகுதி சல்பேட்டுமாகக் கலந்து, நாளைக்கு 100 பிபிஎம்முக்கு மிகாமல் ஏற்றுவது வழக்கம். பருத்திக் காட்டுக்கு வாங்கும் உர மூட்டை பயிருக்காகத் தயாரானது. அதில் கலந்திருக்கும் பிற உலோகங்கள் மண்ணுக்குப் பொருட்டில்லாமல் இருக்கலாம், முதுகெலும்பில்லாத கடலுயிருக்கு அவை நஞ்சு.

கடைசியாக வருவது டெஸ்ட் கிட்டின் மீதான குறை. வண்ணம் மாறுவதைப் பார்த்து அளப்பதில் 30, 50 பிபிஎம் தவறு வரும், அதை நம்பி என்ன செய்வது என்கிறார்கள். தவறு வரும் கருவி, கருவியே இல்லாத ஊகத்தைவிட மேலானது. ஒரே கிட்டில் மாதாமாதம் அளந்தால் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது தெரிந்துவிடும். அதற்கும் முன்னால் உப்பளவைப் பார்க்க வேண்டும். ஆயிரத்துக்கு 35 இருக்க வேண்டிய இடத்தில் 30 இருந்தால் 1,290 இருக்க வேண்டிய மெக்னீசியம் தானாகவே 1,100க்கு இறங்கியிருக்கும். அங்கே தேவை உப்பைச் சரிசெய்வது, மெக்னீசியம் ஊற்றுவது அல்ல. கண்ணை மூடிக்கொண்டு ஊற்றுவதும் ஊற்றாமல் இருப்பதும் அளக்காமல் இருப்பதன் இரண்டு முகங்களே.

ஒரு பொழுதுபோக்குக்காக இவ்வளவு வேண்டுமா என்று கேட்பவர்கள் தூத்துக்குடியை நினைத்துப் பார்க்க வேண்டும். அங்கே பவளத்தை வெறும் சுண்ணாம்பாகப் பார்த்துப் பல பத்தாண்டுகள் படகு படகாக வெட்டி எடுத்தார்கள், சூளையில் சுட்டார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு கடலுக்குள் மூழ்கின. 2001இல்தான் கல் பவளம், கருப்புப் பவளம், தீப்பவளம், கடல் விசிறி ஆகியவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏறின. நம் கடலிலிருந்து அவற்றில் ஒரு கிளையை ஒடித்து வருவதும் குற்றம். சட்டம் அவ்வளவு மதிக்கும் உயிரினத்தின் இனத்தாரை நேர்வழியில் பெற்று வீட்டில் வைத்திருப்பவருக்கு, அது சுண்ணாம்பு அல்ல, உயிர் என்று அறிந்திருக்கும் கடமை உண்டு. குன்றுக்குத் தவறான பெயர் வைத்ததால் குன்று ஒன்றும் இழக்கவில்லை. பவளத்துக்குத் தவறான பெயர் வைத்தபோது இரண்டு தீவுகளை இழந்தோம்.