கடைத்தேங்காயும் 3,980 யென்னும்

விலையைப் பார்த்து சந்தோஷப்பட்டு, பணம் கட்டும் பக்கம் வரை வந்து, அங்கே டெலிவரி செலவு என்று ஒரு தொகை ஏறியிருப்பதைப் பார்த்ததும் அப்படியே மூடிவிட்டுப் போகிறவர்கள் ஏராளம். அதனால் 'டெலிவரி இலவசம்' என்று எழுதிப் போட ஆசைப்படாத இணையக் கடைக்காரரே இருக்க மாட்டார். ஒரே குடோன், ஒரே முதலாளி என்றால் சிக்கல் இல்லை. செலவும் அவருடையது, லாபமும் அவருடையது. கடை ஒருவருடையது, சரக்கு ஆயிரம் பேருடையது என்றால்? 'இலவசம்' என்று சொல்வது ஒருவர், பணம் கட்டுவது இன்னொருவர். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதைதான்.

ஜப்பானில் அப்படியே நடந்தது. ராகுடென் அங்கே பெரிய இணைய அங்காடி. அதற்குள் சுமார் 50,000 கடைகள். மாதக் கட்டணமும் கமிஷனும் ராகுடெனுக்கு. பெட்டி கட்டி அனுப்புவது அந்தந்தக் கடைக்காரர் வேலை. டெலிவரிக்கு எவ்வளவு வாங்குவது என்பதையும் அவரவரே முடிவு செய்துகொண்டிருந்தார்கள். 2019-ல் நிறுவனர் ஹிரோஷி மிகிதானி எல்லோருக்கும் ஒரே விதி என்றார்: ஒரு கடையில் 3,980 யென்னோ அதற்கு மேலோ வாங்கினால் டெலிவரி இலவசம். செலவு? கடைக்காரர் தலையில்.

மிகிதானி பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு கடையில் ஒரு கட்டணம், இன்னொன்றில் வேறு கட்டணம் என்றால் வாங்க வருபவர் குழம்பத்தான் செய்வார். எதிரே அமேசான் நிற்கிறது. தானே அனுப்பும் பொருட்களுக்கு 2,000 யென்னிலிருந்தே இலவசம் என்று அப்போது கொடுத்துக்கொண்டிருந்தது. ஆனால் அமேசானுக்குச் சொந்தக் கிடங்கு இருக்கிறது. அங்கே நாலு வியாபாரியின் சரக்கை ஒரே பெட்டியில் போடலாம். ராகுடெனில் நாலு கடை என்றால் நாலு ஊர், நாலு பெட்டி, நாலு கட்டணம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். வகயாமாவில் ஒருவர் உமெபோஷி (ஒருவகை பிளம் ஊறுகாய்) விற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஜாடி 4,000 யென், அதில் லாபம் 600. டெலிவரிக்கு 800 ஆகிறது. இதுவரை அந்த 800-ஐ வாங்குபவர் கொடுத்தார். இனி இவர் கொடுத்தால் ஒவ்வொரு ஜாடிக்கும் 200 யென் நஷ்டம்.

"விலையை ஏற்றிக்கொள்ளலாமே" என்பதுதான் இதற்கு வழக்கமான பதில். சரி, ஜாடி 4,800 ஆகிறது. முன்பு இரண்டு ஜாடியை ஒரே பெட்டியில் அனுப்பினால், கூடுதல் எடைக்குக் கட்டணம் ஏறாத வரை, 8,800 யென். இப்போது 9,600. ஒரு பெட்டிக்கு இரண்டு முறை டெலிவரி செலவு! பக்கத்து ஒசாகாக்காரரும் ஹொக்கைடோக்காரரும் ஒரே விலை கொடுக்கிறார்கள். இதற்குப் பெயர் இலவசமாம். இன்னொரு வேடிக்கை, அந்த 3,980 யென் எல்லை ஒவ்வொரு கடைக்கும் தனித்தனி. மூன்று கடையில் 1,500, 1,500 என்று 4,500 யென்னுக்கு வாங்கினால் ஒரு பெட்டிக்குக்கூட அந்த விதி செல்லாது.

கடைக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. 2019 அக்டோபரில் சங்கம் அமைத்தார்கள். 2020 பிப்ரவரி 10 அன்று ஜப்பானின் நியாய வர்த்தக ஆணையம் ராகுடென் அலுவலகத்தில் சோதனை போட்டது. அந்த மாதக் கடைசியில் டோக்கியோ நீதிமன்றத்தில் அவசரத் தடை கேட்டது. பலமான இடத்தில் இருப்பவர் அதை வைத்து மற்றவரை அமுக்கக்கூடாது என்று அங்கே சட்டம் இருக்கிறது. மார்ச் 18-ல் தொடங்க வேண்டிய திட்டம், விருப்பப்பட்ட கடைகளுக்கு மட்டும் என்று சுருங்கியது. கொரோனாவைக் காரணம் சொன்னார்கள். சேராத கடைகள் தேடலில் பின்னுக்குப் போகும் என்கிற தோரணையில் ஊழியர்கள் பேசியதும் பிறகு ஆணையத்தின் பார்வைக்கு வந்தது. மாற்றிக்கொள்வதாக ராகுடென் உறுதி கொடுத்த பிறகுதான் 2021 டிசம்பரில் விவகாரம் முடிந்தது.

இதற்கு நடுவே, 2020 பிப்ரவரியிலேயே, ராகுடென் ஒரு காரியம் செய்தது. திட்டத்தின் பெயரில் இருந்த 'டெலிவரி இலவசம்' போய் 'டெலிவரி உட்பட' என்று வந்தது. அந்த ஒரு வார்த்தையில்தான் முழு உண்மையும் இருக்கிறது. முதலிலேயே அப்படிச் சொல்லி, எந்தப் பொருளுக்கு எவ்வளவு என்பதைக் கடைக்காரரிடமே விட்டிருந்தால் ஆணையம் வரை போயிருக்காது. இல்லை, எல்லோருக்கும் ஒரே விதிதான் வேண்டும் என்றால், வாங்குகிற கமிஷனிலிருந்து அங்காடியே அந்த 800 யென்னைக் கொடுக்கட்டும். பெயர் எடுப்பவர் செலவும் செய்யட்டுமே.

'இலவசம்' என்ற சொல் லாரிக்காரர்களுக்கும் பிடிக்கவில்லை. தங்கள் உழைப்புக்கு விலையே இல்லை என்று அது சொல்வதாக அவர்களுக்கு ஆதங்கம். 2023-ல் ஜப்பான் அரசு அந்த வார்த்தையையே மறுபரிசீலனைக்கு எடுத்தது. சட்டத்தால் தடை போடவில்லை. டெலிவரி செலவு யாருடையது என்பதைப் பக்கத்திலேயே விளக்கி எழுதுங்கள் என்று கடைகளைக் கேட்டுக்கொண்டதோடு நிறுத்திக்கொண்டது.