ரோபோவுக்குக் கை மட்டும்தான் சார்!

'எந்திரன்' படத்தில் (2010) சிட்டி பிரசவம் பார்க்கும். அன்றிலிருந்து நம்ம ஆட்களுக்கு ஒரு நம்பிக்கை. ஆஸ்பத்திரியில் ரோபோ என்றால், அது வெள்ளைக் கோட் மாட்டிக்கொண்டு டக்டக்கென்று நடந்து வந்து, பேஷண்ட்டுக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டுக் கத்தியை எடுக்குமாம்!

ஏமாற்றத்துக்கு மன்னிக்கவும். அதற்கு நாலு கை உண்டு, மூளை கிடையாது. டாக்டரம்மா அதே தியேட்டரில் ஒரு ஓரமாக, வீடியோ கேம் ஆடுகிற பையன் மாதிரி ஒரு பெட்டிக்குள் முகத்தைப் புதைத்து உட்கார்ந்திருப்பார். அவர் விரலை அசைத்தால், வயிற்றில் போட்ட சின்னத் துளைகள் வழியே உள்ளே போயிருக்கும் கருவி அசையும். உள்ளே இருப்பதெல்லாம் பத்து மடங்கு பெரிசாக, முப்பரிமாணத்தில் தெரியும். கை நடுக்கத்தை மெஷின் வடிகட்டிவிடும். சாதா லேப்ராஸ்கோப்பி கருவி நேரான குச்சி. இதற்கு மணிக்கட்டு உண்டு. இண்டு இடுக்கில் தையல் போட சௌகரியம். டாக்டரம்மா முகத்தை எடுத்தால் கைகள் அப்படியே நின்றுவிடும். (மேனேஜர் அந்தப் பக்கம் திரும்பினால் எங்க ஆபீஸ்லயும் அப்படித்தான் என்கிறீர்களா? சரி, சரி.)

'டாவின்சி' என்ற இந்த மெஷினுக்கு மகளிர் ஆபரேஷன்களுக்காக அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2005ல். நான் பி.காம். அதனால் இனி லெட்ஜர்.

அங்கே கர்ப்பப்பை எடுத்துக்கொண்ட 2,64,758 பெண்களின் கணக்கைப் புரட்டிப் பார்த்து 2013ல் ஒரு ஆய்வு வந்தது. 2007ல் நூற்றுக்கு அரைப் பேருக்கு ரோபோ. 2010ல் ஒன்பதரைப் பேருக்கு. சாதா லேப்ராஸ்கோப்பியோடு ஒப்பிட்டால் சிக்கல்கள் ஏறக்குறைய சமம். பில் மட்டும் 2,189 டாலர் ஜாஸ்தி! அதே வருஷம் அந்த நாட்டு மகப்பேறு டாக்டர்கள் சங்கத் தலைவரே, இதுதான் சிறந்த வழி என்றும் சொல்ல முடியாது, சிக்கனமான வழியும் இல்லை என்று அறிக்கை விட்டார்.

2018ல் இன்னொரு அடி. ஆரம்பக் கட்ட கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்க்கு வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்தவர்களில் நாலரை வருஷம் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 96.5 சதவீதம், துளை வழியே (ரோபோவும் சேர்த்துத்தான்) செய்தவர்களில் 86. தழும்பு சின்னது என்று சந்தோஷப்பட முடியுமா, சொல்லுங்கள்.

அதற்காக ரோபோ தண்டம் என்று சொல்ல வரவில்லை. கர்ப்பப்பை உட்சுவரில் புற்றுநோய், உடம்பும் கனம் என்றால், வயிற்றைக் கிழிக்காமல் தப்பிக்க அது நிஜமாகவே உதவுகிறது. சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையிலும் 2022ல் ரோபோ வந்துவிட்டது. சட்டசபைக்கென்று கட்டி, 2014ல் ஆஸ்பத்திரியாக மாறிய கட்டடம். எம்.எல்.ஏ.க்கள் கை தூக்க வேண்டிய இடத்தில் ரோபோ கை தூக்குகிறது. நல்லதுதான்.

ஆனால் ஓமந்தூரார் வரை வந்து சேர வேண்டுமே! விருதுநகர் பக்கம் என் பெரியம்மா நாலு வருஷம் ரத்தப்போக்கோடு இருந்தார். வீட்டில் ஐந்து ஆம்பளைகள். ஒருத்தருக்கும் தெரியாது. ஒருநாள் கோயில் பிராகாரத்தில் மயங்கி விழுந்த பிறகுதான் ஹீமோகுளோபின் ஆறு என்று தெரிந்தது. "இதையெல்லாம் புள்ளைங்ககிட்ட எப்படிடா சொல்றது?" என்றார். நாலு பாட்டில் ரத்தம் ஏற்றி, அப்புறம் ஆபரேஷன். ரோபோவும் இல்லை, வயிற்றில் துளையும் இல்லை. கீழ் வழியாகவே எடுத்துவிட்டார்கள். பழைய முறை, செலவும் கம்மி.

இதற்கு நேர் எதிர், மகாராஷ்டிராவில் பீட் மாவட்டம். கரும்பு வெட்டப் போகும் பெண்கள் நிறைந்த ஊர். மூன்றே வருஷத்தில் 4,605 பேருக்குக் கர்ப்பப்பை எடுத்திருக்கிறார்கள் என்று 2019ல் கணக்கு வெளியானது. மாதவிலக்கு வந்தால் கூலி போகிறதே என்று வயசுப் பெண்கள்கூட எடுத்துக்கொண்டார்களாம். அங்கே டாக்டருக்குப் பஞ்சமில்லை. வேண்டாம் என்று சொல்லத்தான் ஆளில்லை.

எங்கள் ஃபிளாட்டில் ஒரு பாங்க் நண்பர், போன மாசம் ராத்திரி பத்தரைக்குக் கதவைத் தட்டினார். "அம்மாவுக்குக் கர்ப்பப்பையில கட்டியாம். ரோபோ பேக்கேஜ்னு சொல்றாங்க. ஓ.கே. சொல்லிடவா?"

முதலில் பாலிசியை எடுத்துவரச் சொன்னேன். ரோபோ ஆபரேஷனைச் சேர்க்க மாட்டேன் என்று இன்சூரன்ஸ் கம்பெனி இப்போது சொல்ல முடியாது. ஆனால் 'இவ்வளவுதான் தருவோம்' என்று எறும்பு சைஸ் எழுத்தில் ஒரு வரி போட்டுக்கொள்ளலாம். இருந்தது!

அப்புறம் ஒரு துண்டுச் சீட்டில் மூன்று கேள்வி எழுதிக் கொடுத்தேன். எடுத்தே ஆகணுமா, மருந்தில் கேட்காதா? ரோபோ இல்லாமல் செய்தால் அம்மாவுக்கு என்ன நஷ்டம்? நீங்கள் இதுவரை ரோபோவில் எத்தனை ஆபரேஷன் செய்திருக்கிறீர்கள்?

"மூணாவதைக் கேட்டா டாக்டர் கோவிச்சுக்க மாட்டாரா?" என்றார்.

கோவிச்சுக்கட்டும் சார். முடி வெட்டிக்கவே ஆள் பார்த்துத்தானே உட்காருகிறோம்?