அடைப்பைக் கரைக்கும் சாறு எங்கும் இல்லை

"ரெண்டு மாசம் வெறும் வயித்துல குடிச்சுப் பாருங்கண்ணே, பிளாக் எல்லாம் கரைஞ்சிரும்." ஒத்தக்கடை டீக்கடை பெஞ்சுகளில் இன்றும் அக்கறையோடு சொல்லப்படும் யோசனை இது. எலுமிச்சை, இஞ்சி, பூண்டுச் சாறுகளோடு ஆப்பிள் சீடர் வினிகரைச் சேர்த்துக் காய்ச்சித் தேன் கலக்கும் அந்தக் கைமருந்து பல வருடமாக வாட்ஸப்பில் சுற்றுகிறது. சில நேரம் அது மாதுளையாகும், நாவலாகும், மருதம்பட்டையாகும். இதய ரத்தக்குழாய் அடைப்பு கரையும் என்ற வாக்குறுதி மட்டும் மாறாது. அது பொய், ஆளைக் கொல்லும் பொய்.

பொய்க்குள் கொஞ்சம் உண்மை கலந்திருப்பதால்தான் இவ்வளவு நாள் ஓடுகிறது. வெங்காயம், முருங்கைக்கீரை, தேயிலை, நாவல் எல்லாவற்றிலும் ஃபிளேவனாய்டு என்னும் தாவரச் சத்துகள் உண்டு. நெதர்லாந்தில் 65 முதல் 84 வயதுள்ள 805 ஆண்களை ஐந்து ஆண்டுகள் கவனித்த ஆய்வு 1993இல் வெளியானது. தேநீர், வெங்காயம், ஆப்பிள் வழியாக இச்சத்தை அதிகம் பெற்றவர்களிடையே இதயநோய்ச் சாவு குறைவாக இருந்தது. பிறகு வேல்ஸ் நாட்டு ஆண்களிடம் தேடியபோது அந்தப் பலன் காணப்படவில்லை. 2022இல் வந்த அமெரிக்கச் சோதனை இன்னும் கறாரானது: 21,000க்கும் மேற்பட்ட முதியவர்களில் ஒரு பாதிக்குத் தினமும் 500 மில்லிகிராம் கோக்கோ ஃபிளேவனால், மறு பாதிக்கு வெற்று மாத்திரை. மாரடைப்பு, பக்கவாதம் உள்ளிட்ட மொத்தப் பாதிப்புகளில் உறுதியாகச் சொல்லும்படியான குறைவு இல்லை. இதயநோய்ச் சாவு குறைந்தது. ஆனால் சோதனையின் முதன்மைக் கேள்வி அதுவல்ல. அடைப்பு கரைந்ததாக இவற்றில் எதுவும் சொல்லவில்லை.

கரையவும் வழியில்லை. நாம் சாப்பிடும் ஃபிளேவனாய்டில் சிறு பங்குதான் ரத்தத்தில் சேர்கிறது. அதையும் குடல் நுண்ணுயிர்களும் கல்லீரலும் உருமாற்றிவிடுகின்றன. ரத்தக்குழாயின் உட்படலம் நைட்ரிக் ஆக்சைடு சுரக்க உதவி, குழாயைச் சற்றே இளகவைப்பது அதன் வேலை. நல்ல வேலைதான். அடைப்போ குழாயின் சுவருக்குள்ளேயே கொழுப்பும் நார்த்திசுவும் சுண்ணாம்பும் சேர்ந்து வருடக்கணக்கில் வளர்ந்தது. ஊற்றிக் கழுவிவிட அது சாக்கடைக் குழாய் அல்ல.

இதே ஒத்தக்கடையில், யானைமலைப் பக்கம் 1965 முதல் வேளாண் கல்லூரி இருக்கிறது. 1980இல் மனையியல் கல்லூரியும் வந்தது. உணவுச் சத்தையே பாடமாகப் படிக்கிற பிள்ளைகள் நடமாடும் ஊரிலும் இந்தக் கைமருந்துக்குக் கிராக்கி இருப்பதுதான் எனக்கு வேதனை. பலன் அடுப்படியிலேயே இருக்கிறது: சின்ன வெங்காயத்தில் குவர்செடின் என்ற ஃபிளேவனாய்டு வெளி அடுக்குகளில்தான் அதிகம். உரிக்கும்போது அடுக்கடுக்காய்க் கழற்றி எறிய வேண்டாம். வேகும்போது தண்ணீரில் இறங்குவதும் குழம்பிலேயே தங்கிவிடும். இது அன்றாடச் சாப்பாட்டின் பலன். வடிகட்டிய பழச்சாற்றில் நார் போய்விடும், சர்க்கரை நிற்கும். சர்க்கரை நோயாளிக்கு அது எதிரி.

பெரிய ஆபத்து, சாற்றை நம்பி மாத்திரையை விடுவது. ஸ்டென்ட் வைத்தவர் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெலைத் தானாக நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் உறையலாம். பம்பளிமாஸ் போன்ற பழங்கள், கொழுப்பைக் குறைக்கும் சில ஸ்டாட்டின் மருந்துகளின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடவும் கூடும்.

எல்லாம் மருந்துக் கம்பெனிகளின் சூழ்ச்சி என்பார்கள். ஸ்டாட்டின் வகை மருந்தான அடோர்வாஸ்டாட்டினின் காப்புரிமை முடிந்து வருடங்கள் ஆகின்றன; அரசு மருத்துவமனையில் இலவசமாகவே கிடைக்கிறது. 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், மாரடைப்பு அறிகுறியோடு வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாட்டின் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். நெஞ்சு பிசையும்போது வாயு என்று சொல்லி இஞ்சிச் சாறு பிழிந்துகொண்டிருக்கும் வீட்டாரே, அதைக் கீழே வைத்துவிட்டு 108ஐக் கூப்பிடுங்கள்.