சந்தேகத்தின் பலன்

சென்ற இதழ்க் கதையில் கூண்டிலிருந்து இறங்கியவன் வெயிலில் நடந்து போகிறான், கதை முடிகிறது. நம் கதைக்காரர்களுக்குத் தீர்ப்பு என்பது முற்றுப்புள்ளி. இந்த வெயிலை நான் நம்பவில்லை.

மூலனூரில் பருத்தி ஏல நாட்களில் மூட்டை இறக்குகிறான் ஒரு பையன். முன்பு திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. நோம்பிக் கைகலப்பொன்றில் நான்காம் எதிரியானான். புகார் கொடுத்தவரே பிறழ் சாட்சியாகிவிட, வழக்கு விழுந்தது. பிறகு போலீஸ் தேர்வு எழுதினான், ஓடினான், கயிறு ஏறினான், தேறினான். வேலை மட்டும் இல்லை. “விடுதலைன்னுதானுங்கண்ணா சொன்னாங்க” என்றான் என்னிடம்.

சொன்னார்கள்தான். ஆனால் தமிழ்நாடு சிறப்புக் காவல் சார்நிலைப் பணி விதி 14(பி)யின் விளக்கம் வேறு சொல்கிறது: சந்தேகத்தின் பலனால் விடுதலையானவனும், புகார்தாரர் பிறழ்ந்ததால் விடுதலையானவனும் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவனாகவே கருதப்படுவான். 2008ல் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வும் இதை ஏற்றது. சந்தேகம் இருந்ததோ அரசுத் தரப்பின் சாட்சியத்தில். வழக்கு முடிந்ததும் அது இடம் பெயர்ந்து எதிரியின் மேல் குடியேறிக்கொள்கிறது. இதற்குப் பெயர் பலனாம். (ஜோசியன்கூட இப்படிப் பலன் சொல்லமாட்டான்.)

போலீஸுக்கு யோக்கியன் வேண்டாமா என்பார்கள். வேண்டும். அப்படியானால் அன்று அவன் என்ன செய்தான் என்று விசாரிக்கட்டும். விடுதலை எந்த வகை என்று தரம் பிரிப்பது விசாரணை அல்ல. படிமமா குறியீடா என்று ஆறு இதழ்களாகச் சண்டை போட்ட நாம் இந்த ஒரு சொற்றொடரைத் தொடவே இல்லை.

விண்ணப்பத்தில், வழக்கு இருந்ததா என்ற கட்டத்தில், ‘ஆம்’ என்றே எழுதியிருந்தான். மறைத்திருந்தாலும் வேலை போயிருக்கும்.